பாக்கெட்டுக்குள் அப்பாவின் கை

நான் சொந்தமாகப் படக்கதை வரைந்து, சொந்தமாகவே அச்சிட்டு, பெரும்பாலும் சொந்தக்காரர்களுக்கே விற்பவன். எனக்குக் கை வரைய வராது. விரல் போட்டால் வாழைப்பழச் சீப்பு மாதிரி வந்து நிற்கும். அதனால் என் மூன்று புத்தகங்களிலும் எல்லோரும் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டுதான் பேசுவார்கள், அப்பா உட்பட.

அவர் முடிதிருத்துபவர். படித்துவிட்டுச் சிரித்தார். "ஏன்டா, பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டு எவன்டா முடி வெட்டுவான்?"

"ஒரு நிமிஷம் கைய ஆட்டாம வைங்கப்பா, வரைஞ்சிடறேன்."

"போடா, கடையில ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க."

போன மாதம் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தக் கை அசையாமல் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தேன். கத்தரிக்கோல் வளையம் கட்டைவிரலில் பதித்த தழும்பு வரை, முதல்முறையாக அச்சு அசலாக வந்தது. பெருமையோடு நீட்டினேன்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பேச்சு குழறியது. "இது என் கை இல்லடா. பாக்கெட்லயே போட்டுடு."

அழித்துவிட்டுப் பாக்கெட் வரைந்தேன். பாக்கெட் வரைவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.