அடியில் தங்கியது

டீசல் டாங்கியின் மூடியில் பன்னிரண்டு போல்ட்டுகள். பதினொன்று கழன்றுவிட்டன. பன்னிரண்டாவது துருவேறி அடம்பிடித்தது. அவள் ஸ்பேனரை இரண்டு கைகளாலும் பிடித்து, எதிர்ப்பலகையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். கரையேற்றி நிறுத்தியிருந்த அந்தப் படகின் எஞ்சின் அறையில் நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லை. மேலே தளத்தில் அண்ணி நின்றிருந்தாள். சதுரத் திறப்பின் வழியாக அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அரை மணி நேரமாக அவை இடம் மாறவில்லை.

"தொறந்துட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"என்னது?"

"இன்னும் இல்ல."

அவள் குரல் அப்படி. கல்லூரியில் வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்று சொல்லியும் பாதி நாள் வராதவளாகவே இருந்தாள். இப்போது வேலை பார்க்கும் டீசல் கிடங்கின் சோதனைக்கூடத்தில் மேலாளர் அவளிடம் எதையும் கேட்பதில்லை, எழுதித் தரச் சொல்லிவிடுவார். அண்ணன் அவளைப் பூனை என்றுதான் கூப்பிட்டான். "நெசப் பூனை கத்துனாலே நாலு வீட்டுக்குக் கேக்கும். உனக்கு அந்தப் பேரே ஜாஸ்தி" என்பான்.

அண்ணன் போய் ஒன்பது நாளாகிறது. கடலில் எஞ்சின் நின்றுபோனது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்ட படகை நிறுத்த அண்ணன் நங்கூரம் போடத் தளத்துக்கு ஏறினான். கீழே எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அண்ணியின் தம்பி மேலே வந்து பார்த்தபோது நங்கூரக் கயிறு மட்டும் இருந்தது. மறுநாள் இன்னொரு படகு இதைக் கட்டி இழுத்து வந்தது. அண்ணன் இன்னும் கிடைக்கவில்லை.

அண்ணியின் தம்பிதான் படகுக்கு மெக்கானிக். துறைமுகத்தில் எல்லோருக்கும் அவன் கிரீஸ். பழைய வடிகட்டியைக் கழுவித் திரும்பப் போட்டிருப்பான், அதுதான் அடைத்துக்கொண்டது என்று முதல் நாள் யாரோ சொன்னார்கள். மூன்றாம் நாள் அது எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது. கூடப் பிறந்தவனை அண்ணி வாசற்படி ஏற விடவில்லை. நாளைக்குப் படகுக்காரர் சங்கம் கூடுகிறது. இனி எந்தப் படகிலும் அவனை ஏற்றக்கூடாது என்று முடிவாகப்போகிறது. அதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

"நீ படிச்சவ. நீ எழுதிக் குடுத்தா மறுபேச்சு இருக்காது" என்று அண்ணி நேற்றுச் சொன்னாள். அவளால் தலையாட்டத்தான் முடிந்தது.

போல்ட் கிரீச்சிட்டுக் கழன்றது. மூடியைத் தள்ளி டார்ச்சை அடித்தாள். அழுகிய முட்டையின் வாடை முகத்தில் அறைந்தது. டீசல் முக்கால் அளவு இருந்தது. கண்ணாடிக் குழாயை அடிவரை இறக்கி, உறிஞ்சி எடுத்து, சீசாவில் விட்டாள். மேலே பொன்னிறமாக டீசல். அடியில் கலங்கிய தண்ணீர். இரண்டுக்கும் நடுவே, நூலளவு இருக்க வேண்டிய கோட்டில், ஈரத் தேயிலைத்தூள் போல விரல் பருமனுக்கு ஒரு படலம்.

டீசலில் வளரும் கிருமிகளின் படலம் அது. வழவழப்பாக, சளி போல ஒட்டிக்கொண்டிருந்தால் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். இது செதில் செதிலாக உதிர்ந்து சீசாவின் அடியில் தங்கியது. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செத்தது. முழுவதும் செத்தது. மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது.

மருந்தைக் கொடுத்தவள் அவள்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எஞ்சின் இருமுகிறது என்று அண்ணன் சொன்னதும் டாங்கி அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்துப்போய்ச் சோதித்தாள். நாலாம் நாள் சோதனைத் தட்டு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். தளத்திலிருக்கும் டீசல் மூடியின் ரப்பர் வளையம் வெடித்து மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. தண்ணீர் இருந்தால் போதும், கிருமிகள் அதில் குடியேறி டீசலைத் தின்று பெருகும் என்று அண்ணனிடம் சொன்னாள்.

"டீசலக் குடிச்சு உசுரோட இருக்குதா? அப்ப நம்ம கிரீஸவிடக் கெட்டிக்காரப் பயலுங்கதான்" என்று அண்ணன் சிரித்தான். கிரீஸும் சிரித்தான்.

அவள் சோதனைக்கூடத்திலிருந்து மருந்துப் புட்டியைக் கொண்டுவந்தாள். அளவைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் கடலுக்குப் போகும் அவசரத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அண்ணன் புட்டியைத் திறந்தான். அப்போது அவள் சொன்னாள். முதல்ல டாங்கியக் காலி பண்ணிக் கழுவணும் அண்ணே. இல்லன்னா செத்ததெல்லாம் பேந்து வந்து வடிகட்டிய அடைக்கும்.

"கேக்கல பூனை, சத்தமாச் சொல்லு."

எஞ்சின் சத்தம். கரையில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துவரை சூடேறியது.

"ஒண்ணுமில்லண்ணே."

அளவை எழுதிய அதே காகிதத்தில் இதையும் எழுதியிருக்கலாம். பாதிக் காகிதம் வெறுமையாகத்தான் இருந்தது.

"தொறந்திருச்சுல்ல? சரி, எழுத நோட்டும் பேனாவும் கொண்டாரேன்" என்றாள் அண்ணி மேலிருந்து. பாதங்கள் நகர்ந்தன. ஏணியில் இறங்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் திறப்பை வேறொரு நிழல் மறைத்தது. கிரீஸ் குனிந்து பார்த்தான். தாடி மண்டியிருந்தது. அவனைக் கூப்பிட அவளுக்கு முறை உண்டு, வாய்தான் வந்ததில்லை.

"புது வடிகட்டிதான் போட்டிருந்தேன். கையில ரெண்டு வேற வச்சிருந்தேன். மூணாவது இருவது நிமிஷம்கூடத் தாங்கல" என்றான்.

அவள் சீசாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ சொன்னது மாமாவுக்குக் கேக்கல. நான் உன் பக்கத்துல நின்னேன். எனக்குக் கேட்டுச்சு."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கழுவுறதுன்னா ரெண்டு நாள் வேல. உள்ள எறங்க வேண்டியவன் நான். மாமா கேக்கலன்னதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு." அவன் திறப்பின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். "அக்கா யாரையாச்சும் திட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும்தான் எழுந்து நடமாடுவா. அது நானாவே இருந்துட்டுப் போறேன். நீ அவ சொல்ற மாதிரி எழுதிரு."

ஏணி கிரீச்சிட்டது. அவன் விலகினான்.

"இங்க உனக்கு என்னடா வேல? மிச்சத்தையும் முழுங்க வந்தியா?" அண்ணியின் குரல் படகுத்துறை முழுக்கக் கேட்டது. இறங்கிப் போகும் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

அவள் ஒரு கையில் சீசாவோடு திறப்பின் வழியாக வெளியே வந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. பழுதுபார்க்கும் கொட்டகை ஓரம் கிரீஸ் முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டிருந்தான். யாரும் அவனோடு பேசவில்லை. அண்ணி நோட்டைப் பிரித்துத் தன் முன்கையில் தாங்கிப் பிடித்தாள், எழுதுபலகை போல. அண்ணியின் கண்கள் ஒன்பது நாளில் உள்ளே போயிருந்தன.

"எழுதும்மா. அவன் வடிகட்டியாலதான்னு எழுது."

அவள் பேனாவை வாங்கினாள். கொட்டகை முனையில் கிரீஸ் திரும்பப்போகிறான். திரும்பிவிட்டால் மறைந்துவிடுவான்.

பேனாவை நோட்டின் மேலேயே வைத்தாள்.

"அண்ணி, வடிகட்டி இல்ல. நான்..."

காற்று வீசியது. நோட்டின் தாள்கள் படபடத்தன.

"கேக்கல," என்றாள் அண்ணி. "சத்தமாச் சொல்லு."

அவள் சீசாவை மறுகைக்கு மாற்றினாள். அடியில் தங்கியிருந்த செதில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பொன்னிறமும் தண்ணீரும் பிரிந்திருந்த கோடு கலைந்து சீசா முழுவதும் கருத்தது. அண்ணி தன் காதை அவள் வாயருகே கொண்டுவந்தாள்.