பின் சீட்டில் நின்றுபோன லிஃப்ட்

பையை லிஃப்ட்டில் வைத்தவன் நான். வைத்த கையோடு மறந்தவனும் நான். இந்த மாதிரி காரியங்களுக்கு எனக்கு உதவியாளர் தேவைப்பட்டதே இல்லை.

அது சாதாரணப் பை இல்லை. எட்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்காக என் மனைவி மூன்று நாள் உட்கார்ந்து நிரப்பிய பை. வண்ணம் தீட்டும் புத்தகங்கள், மூடி தொலையாத ஸ்கெட்ச் பேனாக்கள், படங்கள் ஏற்றிய டேப்லெட், அப்புறம் மணிக்கு ஒன்று என்று பழைய பேப்பரில் சுற்றி, மேலே நேரம் எழுதிய எட்டுப் பொட்டலங்கள். உள்ளே என்ன என்று என்னிடம்கூட அவள் சொல்லவில்லை. எனக்கு விட்ட வேலை ஒன்றே ஒன்று. பையை ஐந்தாவது மாடியிலிருந்து கீழே கொண்டுவருவது.

கொண்டுவந்தேன். கீழே லிஃப்ட் கதவு திறந்தபோது கர்ரென்று ஓர் உரசல் கேட்டது. பையை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்தேன். கதவு ஓடுகிற பள்ளத்தில் யாரோ ஐஸ் குச்சியைப் போட்டிருந்தார்கள். சாவியால் நெம்பி எடுத்தேன். கதவை இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. மிகுந்த திருப்தியோடு போய்க் காரைக் கிளப்பினேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பல் டாக்டர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் பல்லைத்தான் பார்ப்பார்.

இரண்டு மணி நேரம் கழித்து, திரும்பிப் போக முடியாத தூரம் வந்தபிறகு, மனைவியின் போன் அடித்தது. எங்கள் கட்டடத்து வாட்ச்மேன்.

"மேடம், உங்க பை ஒண்ணு காலையிலேர்ந்து லிஃப்ட்ல மேலயும் கீழயும் போயிட்டிருக்கு. யாராச்சும் எடுப்பாங்கன்னு எல்லாரும் விட்டுட்டாங்க போல. அது எறங்கற மாதிரி தெரியல. எடுத்து வெக்கட்டுங்களா?"

"வைங்கண்ணே. ரொம்ப தேங்க்ஸ்" என்று போனை வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமானவர்களுக்கு அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியும். ஆகாதவர்கள் இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கட்டும்.

பின் சீட்டில் இருந்த இருவருக்கும் விஷயம் உடனே எட்டிவிட்டது. மூத்தவளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். கேள்வி கேட்பாள், பதிலை ஞாபகம் வைத்திருப்பாள், நாலு நாள் கழித்து அதை வைத்தே நம்மை மடக்குவாள். போன மாதம்தான் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அன்றோடு வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி போயிற்று. சின்னவனுக்கு நாலு. அவன் பெயர் சைரன். அதற்கு விளக்கம் தேவையில்லை. பை வராது என்று தெரிந்ததும் அவனே விளக்கினான்.

"இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு" என்றாள் மனைவி, ரோட்டைப் பார்த்தபடி. "நீங்களே பாத்துக்கோங்க."

நாங்கள் உல்லாசப் பயணம் போகவில்லை. மனைவி மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற லேபில் சூப்பர்வைசர். எட்டு மணி நேரத் தூரத்தில் கம்பெனி ஒரு புது லேப் திறக்கிறது. மொத்தப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, நாளைக் காலை பத்து மணிக்குள் சரியா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். சரி என்றால் அவள் போவாள். பிள்ளைகள் அவளோடு போவார்கள். நான் எங்கே என்பதுதான் தெரியவில்லை. மூன்று வாரமாக நான் "என்ன நினைக்கிற?" என்பேன், அவள் "பாக்கலாம்" என்பாள். அதற்குமேல் கிளறினால் எனக்குப் பிடிக்காத பதில் வந்துவிடுமோ என்று நான் பல் தேய்க்கப் போய்விடுவேன். அந்த மூன்று வாரத்தில் என் பற்கள் பளபளவென்று ஆகிவிட்டன.

முதலில் சிவப்புக் கார்களை எண்ணச் சொன்னேன். அரை மணி நேரமும் பெரும்பாலும் லாரிகள்தான் வந்தன. ஒரே ஒரு சிவப்புக் கார் வந்தது. இருவரும் நான்தான் முதலில் பார்த்தேன் என்று அடித்துக்கொண்டார்கள். அடுத்து, யார் அதிக நேரம் பேசாமல் இருக்கிறார்கள் என்று ஒரு போட்டி வைத்தேன். சைரன் நாலு விநாடியில் தோற்றான். வக்கீல், "இதுக்குப் பரிசு என்ன?" என்று கேட்டுத் தோற்றாள். மனைவி ஜெயித்துக்கொண்டே இருந்தாள். அவள் போட்டியிலேயே இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

சைரன் ஆரஞ்சுத் தோலை என் காதுக்குள் செருக முயன்றபோது எனக்குத் தொழில் கைகொடுத்தது.

"ஐயையோ! லிஃப்ட் நின்னுபோச்சு!" என்றேன். "பின் சீட்டுல இருக்கறவங்க எல்லாம் மாட்டிக்கிட்டீங்க. என் சீட்டுக்குப் பின்னாடி பட்டன் இருக்கு, அமுக்கினா மெக்கானிக் பேசுவாரு."

இரண்டு பேரும் ஒருகணம் யோசித்தார்கள். சீட் வழியாக என் முதுகில் ஒரு கால் கட்டைவிரல் அழுந்தியது.

"ஹலோ" என்றாள் வக்கீல். "லிஃப்ட் நின்னுடுச்சு."

"வணக்கம் மேடம். பயப்படாதீங்க. எந்த மாடி?"

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல."

"உள்ள எத்தனை பேர்?"

"நானும் ஒரு யானையும்."

"நான்தான் யானை!" என்று சைரன் கத்தினான்.

"யானையா? மேடம், அது ஆறு பேர் போற லிஃப்ட். போர்டுல எழுதியிருக்கே, படிக்கலையா?"

"யானைக்குப் படிக்கத் தெரியாது."

"கூட வந்தவங்களுக்குமா?"

ஒன்றரை மணி நேரம் ஓடியது. யானைக்கு மூச்சு முட்டியது, ஜன்னலை இறக்கினோம். யானைக்கு ஒண்ணுக்கு வந்தது, வண்டியை நிறுத்தினோம். இருவரும் முறை வைத்து என் முதுகில் பட்டனை அமுக்கினார்கள். பதினைந்து வருஷம் மனிதர்களை லிஃப்ட்டிலிருந்து வெளியே எடுத்தவனை உள்ளே இருப்பவர்கள் மிதிப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்குள் கர்வம் ஏறிக்கொண்டிருந்தது. பை எதற்கு, நானே ஒரு பை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது வக்கீல் கேட்டாள். "எப்ப வந்து எங்களை எடுப்பீங்க?"

"அஞ்சு நிமிஷத்துல, மேடம்."

வேலையில் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லித்தருவது இதுதான். உள்ளே மாட்டியவரிடம் 'தெரியாது' என்று சொல்லக்கூடாது. 'ஒரு மணி நேரம் ஆகும்' என்று செத்தாலும் சொல்லக்கூடாது. குரலைத் தாழ்த்தி, மெதுவாக, அஞ்சு நிமிஷம் என்று சொல்லவேண்டும். அந்த அஞ்சு நிமிஷம் முடிந்ததும் இன்னொரு அஞ்சு நிமிஷம். ஒருவரை இப்படியே இரண்டு மணி நேரம் உள்ளே உட்கார வைத்திருக்கிறேன். வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிடித்தது என் சட்டையை.

"அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு" என்றாள் வக்கீல். காரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கிளம்பிட்டேன் மேடம். இன்னும் அஞ்சே நிமிஷம்."

நாலாவது அஞ்சு நிமிஷத்தில் அவள் பொறுமை போயிற்று. "நீ பொய் சொல்ற. இனிமே ரூல் என்னன்னா, மெக்கானிக் பொய் சொன்னா யானை கத்தும்."

யானை ஒத்திகை பார்த்தது. முன்னால் போன லாரிக்காரர் பயந்து வழிவிட்டார். என் பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. காலையிலிருந்து மனைவி சிரித்தது அப்போதுதான்.

"அப்பா" என்றாள் வக்கீல். மெக்கானிக் போய் அப்பா வந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். "அம்மாவுக்கு அங்க வேலைன்னா, நீயும் எங்ககூட இருப்பியா?"

"மேடம், அது எங்க செக்‌ஷன் இல்லை."

"பதில் சொல்லு."

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. எல்லாம் சரியாயிடும். பாத்துக்கலாம்."

யானை கத்தியது. காதிலிருந்து மூளைக்கு ஒரு கம்பி போன மாதிரி இருந்தது. "டேய், நிறுத்துடா!" என்றேன்.

"அவன் சரியாத்தான் கத்தறான்" என்றாள் மனைவி. "வண்டியை ஓரமா நிறுத்துங்க."

ஒரு பெட்ரோல் பங்க் தாண்டி மர நிழலில் நிறுத்தினேன். பிரேக் போட்ட பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப அவகிட்ட ஒரு குரல்ல பேசினீங்களே," என்றாள், "அதே குரல்லதான் என்கிட்டயும் மூணு வாரமா பேசறீங்க. மொதல் நாளே கேட்டேன், 'நான் போகட்டுமாங்க'ன்னு. என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அதனால் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன்.

"'ஒண்ணும் கவலைப்படாத, எல்லாம் சரியாயிடும், பாத்துக்கலாம்.' அடுத்த நாள் கேட்டேன். அதே பதில். ஏதோ நான் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி. உங்களுக்கு இஷ்டமில்ல, சொல்ல மனசு வரலைன்னு நினைச்சேன். அப்புறம் நானும் பாக்கலாம்னு சொல்ல ஆரம்பிச்சுட்டேன். வேற என்ன சொல்றது?"

பெண்டாட்டியையும் நின்றுபோன லிஃப்ட் கணக்கில் சேர்த்துவிட்ட மடையன் இந்தத் தொழிலிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் வேலை முடிந்ததும் டூல் பெட்டியை ஆபீஸில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

"அப்பா, நிஜம் சொல்லு" என்றாள் பின்னாலிருந்து வக்கீல். "இல்லைன்னா இவன் கத்துவான்." சைரன் ஆவலோடு மூச்சை இழுத்தான்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

யாரும் கத்தவில்லை. அதனால் தொடரவேண்டியதாயிற்று.

"நம்ம ஊர்ல ஒவ்வொரு லிஃப்ட்டும் எந்த மாடியில மக்கர் பண்ணும்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி லிஃப்ட் மழை வந்தா நிக்கும். பேங்க் லிஃப்ட்டுக்கு ரெண்டாவது மாடி ஆகாது. அங்க வந்தா எனக்கு எதுவும் தெரியாது. நேத்து சேர்ந்த பசங்களோட ஏணி தூக்கிட்டுப் போகணும். நீ அங்க பெரிய ஆளா இருப்ப. சாயங்காலம் லேப் வாசல்ல கிரீஸ் சட்டையோட நான் வந்து நின்னா..." நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டினேன். "இங்கயே தனியா இருக்கறதும் பயமா இருக்கு. இந்த ரெண்டுல எது பெரிய பயம்னு மூணு வாரமா யோசிக்கறேன்."

"எது பெருசு?" என்று சைரன் கேட்டான்.

"தனியா இருக்கறது."

வக்கீல் ஒரு நிமிஷம் யோசித்தாள். யானையின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "இது நிஜம்தான், கத்தாத" என்றாள். பிறகு என் முதுகில் கால் விரலால் அமுக்கினாள். "இப்ப நீ அம்மாகிட்ட கேளு."

"என்னத்தை?"

"உனக்குத் தெரியாதா?"

தெரியும். மூன்று வாரமாகத் தெரியும். பல் தேய்க்க இங்கே பிரஷ்ஷும் இல்லை, குழாயும் இல்லை. பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருந்தது. அந்த யோசனையும் எனக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"அந்த வேலை உனக்கு வேணுமா?" என்றேன். குரல் தாழவும் இல்லை, நிதானமாகவும் இல்லை. எந்த லிஃப்ட்டிலாவது இப்படி ஒரு குரலை விட்டிருந்தால் உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்திருப்பார். "அப்புறம், நான் வரணுமா வேணாமா? எனக்காகப் பாத்துச் சொல்லாத. உள்ளதைச் சொல்லு."

அவள் திரும்பி சைரனின் பிசுபிசுத்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஐந்து விரல், ஒரு கை முடிந்தது. இன்னொரு கையை அவனே நீட்டினான். அதைத் துடைக்காமல் பிடித்தபடி என் பக்கம் பார்த்தாள்.

"வேணும். ரொம்ப வேணும். நீங்க வரலைன்னாலும் நான் போவேன். அழுதுட்டேதான் போவேன், ஆனா போவேன். நீங்களும் வரணும். கிரீஸ் சட்டையோடயே வாங்க."