மாப்பிள்ளைக்குத் திறந்த படலை

பாலாம்பிகை பொய் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' மூன்று கிழமையில் வீட்டையே தலைகீழாக்கிவிட்டது. கணவர் அருளம்பலத்துக்குத் தன் தலையிலேயே நம்பிக்கை போய்விட்டது. மகள் வினோஜா நகரத்துக்குள் வில்லரேயில் இருக்கும் தன் வீட்டின் கீழ்த்தளத்துக்கு, ஜூலை முதலாம் தேதி இருவரையும் ஏற்றிக்கொண்டு போவதென்று பெட்டிகளோடு வந்து நின்றாள்.

எல்லாம் ஓர் அல்பாக்கா, ஒட்டகத்துக்குச் சொந்தமான அந்தக் கம்பளி மிருகம், வயிற்றில் குட்டி வைத்ததால் வந்த வினை.

இவர்களுக்கு அல்பாக்கா எப்படி வந்தது என்று கோயிலில் யாரும் கேட்டால், பாலாம்பிகை கணவர் பக்கம் கையைக் காட்டி, "இவற்றை விசர்" என்று, எல்லாம் அவருடைய பைத்தியம்தான் என்பது போலச் சொல்லுவாள். அருளம்பலமும் சிரித்துக்கொண்டு நிற்பார். உண்மை வேறு. டோர்வலில் விமானச் சாப்பாட்டைத் தட்டுகளில் அடுக்கும் சமையற்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த அருளம்பலம், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குக் கிட்ட நாலு ஏக்கர் நிலமும் சரிந்த கொட்டில் ஒன்றும் வாங்கியது கத்தரிக்காய் போடத்தான். அந்தப் புரட்டாதியில் அங்குள்ள விவசாயக் கல்லூரியில் பொதுமக்களுக்கான நாள் ஒன்று நடந்தது. வேலிக்குள் நின்ற பழுப்பு நிற அல்பாக்கா ஒன்று கழுத்தை நீட்டி, பாலாம்பிகையின் முகத்தோடு முகம் வைத்து மணந்து பார்த்துவிட்டு 'ம்ம்ம்' என்று முனகியது. அவள் அசையவில்லை. சின்ன வினோஜா பசிக்குது, கால் நோகுது என்று சட்டையைப் பிடித்து இழுத்தும் ஒரு மணி நேரம் அப்படியே நின்றாள். வீடு வரும் வழியில், இரண்டு வாங்கினால் என்ன என்று கேட்டவள் அவள்தான். பேச்சு வந்ததும் பழியைக் கணவர் தலையில் கட்டிவிட்டாள். அது அப்படியே பழகிப்போயிற்று.

கோயிலில் அவர்களுக்கு 'ஒட்டகக்காரர்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு ஆறாகி, ஆறு பதினொன்றானது. வெளியூர்ப் பண்ணையிலிருந்து வந்த ஆணுக்கு, பெண் எடுக்க வந்தவன் என்பதால் 'மாப்பிள்ளை' என்றே பெயர். அவன் வாரிசுகள் பத்தொன்பது பேர் அந்தப் புல்தரையில் பிறந்தார்கள். பத்தொன்பது பேரும் பிறந்த காலையை பாலாம்பிகை இன்றைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள்.

அல்பாக்கா இரவில் குட்டி போடுவது அபூர்வம். நல்ல பிள்ளை மாதிரி விடிந்து, வெயில் ஏறிய பிறகுதான் தொடங்கும். அதனால் அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எரியாது, வினோஜா பள்ளிக்கூடம் போக மாட்டாள். ஈரக் குட்டியைத் துவாயில் சுற்றிக் குளியலறைத் தராசில் நிறுக்க வேண்டும். ஒன்பது வயதில் வினோஜாதான் நீள மின்கம்பியில் ஹேர் டிரையரைக் கொண்டு வந்து குட்டிக்குச் சூடு பிடித்தவள். மற்ற அல்பாக்காக்கள் எல்லாம் கலியாண வீட்டுக்கு வந்த சனம் போல வரிசையில் வந்து குட்டியை மணந்துவிட்டுப் போகும்.

முதற்குட்டி பிறந்த அன்று அருளம்பலம் செய்த கூத்தை நினைத்தால் பாலாம்பிகைக்கு இப்போதும் சிரிப்பு அடக்க முடியாது. பசு கன்று போட்டால் பின்னால் விழும் இளங்கொடியைச் சாக்கில் கட்டிப் பால் வடியும் மரத்தில் தொங்கவிடுவது அவர் வீட்டு வழக்கம். இங்கே ஆலுக்கு எங்கே போவது? மேப்பிளில் இனிப்புப் பாணி வடிகிறதுதானே, அதுவும் ஒரு பால் மரம்தான் என்று சாக்கைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். மறுநாள் பக்கத்துக் காணிக்காரரின் நாய் சாக்கை இழுத்து விழுத்தி, அவர் வீட்டு வாசற்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டது. அந்த மனிதர் எதையோ கொன்று போட்டிருக்கிறார்கள் என்று பதறி ஓடி வந்தார். அருளம்பலம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி, 'பொன்ஜூர், மெர்சி' என்று மாறி மாறிச் சொன்னார். என்ன நாட்கள் அவை!

ஐந்து வருடத்துக்கு முன் அருளம்பலத்துக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. இனிக் குட்டி வேண்டாம், இருக்கிறதும் குறையக் குறையத் தோட்டத்தை விட்டுவிட்டு மகளோடு போவோம் என்று முடிவானது. முடிவு எடுத்ததில் பெரிய குரல் பாலாம்பிகையுடையதுதான். புழுக்கை அள்ளி இடுப்புப் போய்விட்டது, ஒரு கலியாணம் காட்சிக்குப் போக வழியில்லை என்று காண்கிறவர்களிடமெல்லாம் மூக்கால் அழுதாள். மாப்பிள்ளையை வேலிக்கு அப்பால் தனியாக, அவனுக்குத் துணையாக விதையடித்த ஆண் ஒன்றுடன் விட்டு, நடுவில் வேலிப் படலையைச் சாத்தினார்கள். வருடங்கள் போயின. மந்தை நாலாகச் சுருங்கியது. இந்தப் பக்கம் வெளியூரில் வாங்கி வந்த சின்னமணியும் அவள் அக்காவும், அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள்.

போன வருடம் ஜூலையில் வினோஜா வந்து, அடுத்த வருடக் கடைசிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம், நாலையும் ஒன்றாக எடுக்க ஆற்றுக்கு அப்பால் ஒரு பண்ணைக்காரர் சம்மதித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாலாம்பிகைதான் முதலில் தலையாட்டினாள். மத்தியானம் அருளம்பலம் படுக்கப் போனார். அவள் வெளியே போய்ப் படலையைத் திறந்தாள்.

ஏன் திறந்தாள் என்று அவளையே கேட்டால், நேராகப் பதில் வராது. அப்படி இன்னும் ஒரே ஒரு காலை வேண்டும் என்று ஆசைப்பட்டாள், வேறொன்றுமில்லை. அல்பாக்காவில் பெண்ணுக்குச் சம்மதம் என்றால் காலை மடக்கித் தரையில் அமர்ந்துவிடும். பதின்மூன்று வயதுச் சின்னமணி மாப்பிள்ளையைக் கண்டதும் அமர்ந்தாள். அரை மணி கழித்துப் படலை திரும்பவும் பூட்டப்பட்டது. கிழவிக்கு இனி எங்கே தங்கப் போகிறது என்று பாலாம்பிகை தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

தங்கிவிட்டது. வயிற்றில் குட்டி இருக்கும் அல்பாக்கா ஆணைக் கிட்ட அண்டவிடாது, முகத்திலேயே காறித் துப்பும். ஐப்பசியில் மாப்பிள்ளை வேலியோரம் கழுத்தை நீட்ட, சின்னமணி ஒரு துப்புத் துப்பினாள், பச்சைப் புல்லோடு. பாலாம்பிகைக்கு விளங்கிவிட்டது. அருளம்பலமும் பக்கத்தில்தான் நின்றார். சிரித்தார். அவருக்கு விளங்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மற்றதைக் குளிர்காலக் கம்பளி மறைத்தது. மே மாதக் கடைசியில் கம்பளி வெட்டுகிறவர் வந்து சின்னமணியைப் படுக்க வைத்தபோது வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார். அவர் பிரெஞ்சில் சொன்னதை உதவிக்கு வந்திருந்த வினோஜா தமிழில் சொன்னாள். மூன்று கிழமையில் குட்டி. சொன்ன கையோடு தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் படலையைப் பூட்ட மறந்து போனீங்களா?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. பயத்தில் கேட்டாள். அந்தக் குளிர்காலத்தில் அருளம்பலம் கொட்டிலில் தண்ணீர்க் குழாயைத் திறந்தபடி விட்டிருந்தார். ஒருநாள் இருபதாம் நெடுஞ்சாலையில் தங்கள் திருப்பத்தைத் தவறவிட்டு, ஒன்ராறியோ எல்லைவரை போய்த்தான் திரும்பினார். இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது.

அருளம்பலம் திரும்பி பாலாம்பிகையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பாலாம்பிகை குனிந்து தரையில் கிடந்த கம்பளியைப் பொறுக்கத் தொடங்கினாள். வாய்வரை வந்தது. இத்தனை வருடம் ஊரெல்லாம் புலம்பித் திரிந்தவள் நான்தான் திறந்தேன் என்று மகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? பேந்து சொல்லலாம், பின்னேரம் தனியாகச் சொல்லலாம் என்று விட்டாள். பழியை அவர் தலையில் கட்டிப் பழகிய வாய்தானே. பின்னேரம் வந்தது, போனது. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடப் பாரமாகிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு அருளம்பலம் படலையைப் பூட்டிவிட்டு நாலடி நடப்பார், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார், மறுபடி நடப்பார், மறுபடி வருவார். சட்டைப் பையில் சிறு கொப்பி ஒன்று வைத்து, தண்ணீர் வைத்தேன், குழாய் பூட்டினேன் என்று எழுதினார். வினோஜா ஞாபகப் பரிசோதனைக்கு நாள் எடுத்து, வீடு மாறுவதை ஆறு மாதம் முன்னுக்கு இழுத்தாள். வாகனத் திறப்பை, இனி ஓட்டுவதில்லை என்று, யாரும் கேட்காமலே அவர் மகள் கையில் கொடுத்தார். பாலாம்பிகை அன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுதாளே தவிர, சொல்லவில்லை.

ஜூன் பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குச் சின்னமணி மந்தையை விட்டு விலகி நின்று முனகத் தொடங்கினாள். பெட்டி கட்ட வந்திருந்த வினோஜா துவாயோடு ஓடி வந்தாள். பத்து மணிக்குக் குட்டியின் மூக்கு தெரிந்தது. கீழே ஒரு கால் வந்தது. மற்றக் கால் வரவில்லை. உள்ளே மடங்கிக் கிடக்கிறது என்பது பாலாம்பிகைக்கு விளங்கிவிட்டது. மருத்துவரைக் கூப்பிட்டார்கள். வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவ்வளவு நேரம் குட்டி தாங்காது.

பத்தொன்பது பிரசவம் பார்த்த கை அருளம்பலத்தின் கை. இரண்டு முறை இதே மாதிரி மடங்கிய காலை எடுத்தவரும் அவர்தான். அவர் வேலிக்கு வெளியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வினோஜா கூப்பிட்டாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"எனக்கு ஏலாது பிள்ளை. நான் ஏதும் மறந்து பிழையாச் செய்துபோடுவன்."

சின்னமணி தரையில் விழுந்து உதைத்தாள். பாலாம்பிகை எழுந்து வேலியடிக்குப் போனாள்.

"இஞ்சேருங்கோ. நீங்கள் ஒண்டையும் மறக்கேல்லை. போன ஜூலை படலையைத் திறந்தது நான். நீங்கள் படுத்திருந்தனீங்கள். நான்தான் திறந்தனான்."

வினோஜா துவாயோடு அப்படியே நின்றாள். அருளம்பலத்தின் முகத்தில் கோபம் வரும், அல்லது சிரிப்பாவது வரும் என்று பாலாம்பிகை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் வரவில்லை. அவர் குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"நான் கண்டனான், பாலா. அறை யன்னலாலை கண்டனான். எனக்கும் ஆசைதானே, பேசாமல் இருந்திட்டன். பேந்து பிள்ளை கேக்கேக்க உன்னைப் பாத்தன். நீ ஒண்டும் சொல்லேல்லை. அப்ப, நீ திறந்ததும் என்ரை மண்டை கட்டின கதைதானாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

குழாயும் திருப்பமும் அவர் மறந்தவைதான், அதைப் பாலாம்பிகை மறுக்கவில்லை. ஆனால் அவர் தலைக்குள் சரியாக இருந்த ஒன்றை, கண்ணால் கண்ட ஒன்றை, மூன்று கிழமையாகப் பிடுங்கி எறிந்தது அவள்தான். வேலிக்கு மேலாக அவர் இரண்டு கையையும் பிடித்தாள்.

"வாங்கோ" என்றாள். "குட்டி மூச்சுக்குத் தவிக்குது."

அவர் வந்தார். கொட்டிலில் கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவி, எண்ணெய் பூசிக்கொண்டு, நோகிற முழங்காலை மெல்ல மடக்கி உட்கார்ந்தார். சின்னமணி முக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து விரல்களை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு தேடினார். கால் நகம் தாயைக் கிழிக்காமல் உள்ளங்கையால் மூடி மெல்ல முன்னுக்கு எடுத்தார். இரண்டாவது கால் வந்தது. பிறகு கழுத்து, தோள், கடைசியில் நனைந்த குட்டி முழுவதுமாக வழுக்கி அவர் மடியில் விழுந்து தும்மியது. பெட்டை. தாயைப் போலவே பழுப்பு.

வினோஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு குட்டியைத் துடைத்தாள். மற்ற மூன்றும் வேலியடியில் வந்து கழுத்தை நீட்டின. அருளம்பலம் புல்லில் அப்படியே இருந்தார். பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் குரலில் கேட்டார்.

"அண்டைக்கு நீ படலையைத் திறந்துபோட்டு அங்காலை திரும்பி நிண்டனி. வெக்கத்திலையோ?"

"ஓம்."

"தொப்பியைக் கழட்டி விசிறினனி."

"ஓம். நல்ல வெக்கை."

"மாப்பிள்ளை உன்னை இடிச்சுக்கொண்டு ஓட, பக்கத்திலை இருந்த தண்ணி வாளி கவிழ்ந்தது."

பாலாம்பிகை யோசித்தாள். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. ஈரமான தன் சப்பாத்தும், யாரும் பார்த்தார்களோ என்று வீட்டுப் பக்கம் திரும்பியதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"ஓம்" என்றாள். "கவிழ்ந்ததுதான். நான்தான் மறந்துபோனன்."

அருளம்பலம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வேலியில் காய்ந்த துணி என்ன நிறம், மாப்பிள்ளையைத் திரும்ப அழைத்துப்போக அவள் கையில் என்ன வைத்திருந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒன்றையும் விடவில்லை. அவள் அவருக்குப் பக்கத்தில் புல்லில் இருந்து, ஒவ்வொன்றுக்கும் ஓம் சொன்னாள்.