தேதி போட்ட சுவர்

மூன்றாவது முறையாக, சுவரில் நான் வரைந்த என் தங்கை பெலெனின் முகத்தில் வெள்ளையடித்துவிட்டார்கள். மினிபஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச்சுவர். காலையில் போய் நின்றபோது சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அவளுடைய இடது கண் மட்டும் லேசாகத் தெரிந்தது. வந்த ஆத்திரத்தோடு பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.

நான் சுவர் எழுதுகிறவள். மெக்சிகோ நகரின் இந்த ஓரத்தில் கும்பியா நடன ஆட்டத்துக்கு விளம்பரம், டயர் கடை, தேர்தல் என்று நான் எழுதாத தெரு இல்லை. பெலெனை அவள் புருஷன் கழுத்தை நெரித்துக் கொன்றான். 'தற்கொலை' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். திறக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறேன். ஜூன் பதினான்கு விசாரணை. அவள் அலறியதைக் கேட்டவர்கள் இந்த நிறுத்தத்தில்தான் தினமும் பஸ் ஏறுகிறார்கள். ஒருவராவது சாட்சி சொல்ல வர வேண்டும். அதற்குத்தான் இந்த முகம். கீழே ஊதா எழுத்தில், 'நான் தற்கொலை செய்துகொள்ளவில்லை.'

மறுபடி வரைந்து உதட்டுக்கு வந்தபோது எவாரிஸ்தோ வாளியோடு வந்தான். அவனும் என் தொழில்தான்; இப்போது நகராட்சிக்கு வெள்ளையடிக்கிறான்.

"வாங்க மேஸ்திரி. என் தங்கச்சியைத் திரும்பவும் சாகடிக்க வந்தீங்களா?"

"காலங்காத்தால வாயைக் கிளறாத, யூரி. எனக்கும் வயிறு இருக்கு."

"கும்பியா சுவத்துல இப்படி அடிப்பியா?"

"அதெப்படி? அதுல தேதி இருக்குல்ல. ஆட்டம் முடியறதுக்குள்ள தொட்டா கையை ஒடிச்சிருவானுங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. போட்ட தேதி முடியும்வரை சுவரைத் தொடக்கூடாது; எங்கள் தொழிலில் இருக்கிற ஒரே சட்டம் அது. நான் மஞ்சள் பெயின்டை எடுத்து, ஆட்ட விளம்பரத்துக்கு எழுதுகிற அதே கொழுத்த எழுத்தில் எழுதினேன்: 'ஜூன் 14. காலை 10 மணி. நீதிமன்றம், இரண்டாம் மாடி. அனுமதி இலவசம். அனைவரும் வருக.'

"கில்லாடிடி நீ," என்று சிரித்துவிட்டான். "பதினாலு வரைக்கும்தான். பதினஞ்சு காலையில வந்து நிப்பேன்."

பதினான்காம் தேதி ஒரே ஒருத்தி வந்தாள். பெலெனின் எதிர்வீட்டு ஒப்துலியா. தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கிறவள், ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.

"ஒரு வருஷமா அந்தச் சத்தம் என் காதுலயே கெடக்குடி. இன்னிக்குச் சொல்லிடறேன்."

நீதிபதி வரவில்லை. ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, "நாளைக்கு வாங்க," என்றார்.

"விசாரணை என்னிக்கு? தேதியைச் சொல்லுங்க."

"அதான் நாளைக்குன்னு சொல்றேன்ல."

பதினோரு மாதமாக எதைக் கேட்டாலும் இதே பதில். படியிறங்கும்போது ஒப்துலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த முகத்தை மட்டும் அழிக்க விட்றாத. அதைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு இவ்வளவு தைரியம் வந்துச்சு. அது போயிட்டா நான் வர மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

பொழுது விடிந்ததும் சுவருக்கு ஓடினேன். எவாரிஸ்தோ எனக்கு முன்பே வந்து சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"தேதி முடிஞ்சிருச்சு, யூரி. கோவிச்சுக்காத."

என்ன தேதி போடுவது? நடக்காத ஆட்டத்துக்குப் பொய்த் தேதி போடுகிறவனுக்கு எங்கள் தொழிலில் மரியாதை கிடையாது. கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்தேன். பிறகு 'ஜூன் 14'ஐ அழித்துவிட்டு அந்த இடத்தில் 'நாளை' என்று எழுதினேன்.

அவன் கிட்டே வந்து படித்தான். "எந்த நாளை?"

"எனக்கென்ன தெரியும்? கோர்ட்டுல போய்க் கேளு. அவங்க குடுத்த தேதி இதான்."

இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தான். பிறகு வாளியை மூடினான்.

"சரி. அப்போ நாளைக்கு வர்றேன்."

தினமும் வருகிறான், படிக்கிறான், போகிறான். பத்து மணிக்கு நான் அந்த ஜன்னலுக்கு ஓடுகிறேன். ஒப்துலியாவும் கூடவே வருகிறாள்.