கண்ணால் பார்த்தது

அப்பாவின் காலை மடியில் வைத்துக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள் இர்யா. அப்பா தோய்வோவுக்கு வயது தொண்ணூற்றாறு. மகளுக்கு எழுபத்திரண்டு, கனடாவின் தண்டர் பே நகரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இன்னும் வேலை பார்க்கிறாள். காலையில் அரசு அனுப்பும் பணிப்பெண் வந்து அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டுவதால்தான் அவளால் வேலைக்குப் போக முடிகிறது. அந்த உதவி இனியும் தேவையா என்று பார்க்க இன்று அதிகாரி வருகிறாள்.

"அப்பா, வர்றவ முன்னாடி வீரம் காட்டாதீங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க."

"நான் எப்ப வீரம் காட்டினேன்?"

"மரம் வெட்டப் போறேன்னு டாக்டர்கிட்ட சொன்னது யாரு?"

"கேட்டாரு, சொன்னேன்."

ஒரு காலத்தில் காட்டையே வெட்டிச் சாய்த்த மனிதர்தான். இப்போது ரொட்டியை அவள்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

கதவு தட்டப்பட்டது. கென்ட்ரா என்ற அந்த இளம் அதிகாரி பனிக்காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பெண் விருந்தாளி நிற்கும்போது ஆண் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது தோய்வோவின் அம்மா வளர்த்த வளர்ப்பு. இலையுதிர்காலத்திலிருந்து தானாக எழாதவர், நாற்காலியின் கைகளை அழுத்தி எழுந்தார். நடந்தார். மேசையடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. காப்பி குடிக்காம இந்த வீட்டுலேருந்து யாரும் போனதில்ல."

இர்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிரமாதமா இருக்கீங்களே ஐயா. தனியா குளிக்கிறீங்களா?"

"சவ்னாதான். நானே விறகு போட்டு, நானே சூடாக்கி."

அந்தச் சவ்னா என்ற நீராவிக் குளியல் அறையை இடித்து எத்தனையோ வருடமாகிறது. அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் படகு கிடக்கிறது.

"சமையல்?"

"நான்தான். இவளுக்கும் சேர்த்து."

"பொய்ங்க," என்றாள் இர்யா. "கழிப்பறைக்குக்கூட நான்தான் தூக்கிட்டுப் போறேன். என் முதுகு போச்சு. அவரால ஒண்ணும் முடியாது."

தோய்வோவின் காது சிவந்தது. "வந்தவங்க முன்னாடி பேசற பேச்சா இது?"

கென்ட்ரா இர்யாவைப் பரிவோடு பார்த்தாள். "பெத்தவங்களை எண்ணிப் பிள்ளைங்க பயப்படறது சகஜம்தாம்மா. ஆனா நான் கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும்."

"அப்ப ஒரு அரைமணி நேரம் இருந்து பாருங்களேன்."

"அடுத்த வீடு காத்திருக்கு. இந்த மாசத்தோட ஆள் வர்றது நின்னுடும். நல்ல சேதிதானே, அவருக்குத் தேவையே இல்லையே."

அவள் வெளியேறியதும், விருந்தாளியை வழியனுப்பத் தோய்வோ சுவரைப் பிடித்து ஜன்னலுக்குப் போனார். அங்கே முழங்கால் துவண்டது. இர்யா பாய்ந்து மண்டியிட்டு, அவர் கால்களை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கால்சட்டை வெதுவெதுப்பாக நனைந்து, ஈரம் அவள் சட்டைக் கைக்குள் இறங்கியது.

"போயிட்டாளா அப்பா?"

"இல்ல. கார் கண்ணாடில பனியைச் சுரண்டிக்கிட்டிருக்கா. நீ தலையைத் தூக்காத."

கென்ட்ரா நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள். தோய்வோவும் புன்னகையோடு கையசைத்துக்கொண்டே இருந்தார்.