இல்லாததைத் தாண்டிப் போ

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. கேன்டீனில் பக்கத்து மேசையில் ஒரு அக்காவும் தங்கையும் சண்டை போட்டார்கள். நான் டீயை ஆறவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: நாற்பது கணினிகளும் ஒரே நேரத்தில் கண் விழித்து

(வேண்டாம். அக்காவுக்கே பார்வை கிடையாது, கணினிக்கு எதற்குக் கண்?)

2

தங்கைக்கு, நாற்பது அலுவலகக் கணினிகளில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றும் வேலை. ஒவ்வொன்றோடும் உட்கார்ந்து மாரடிக்க மாட்டாள். வேண்டிய மென்பொருள்களைப் பட்டியல் போட்டு வைப்பாள். நாற்பதும் அதைப் படித்துத் தாமே ஏற்றிக்கொள்ளும். பட்டியலில் ஒன்று கிடைக்காவிட்டால் வேலை அங்கேயே நின்று, 'கிடைக்கவில்லை. என்ன செய்ய?' என்று கேட்கும். அந்த நச்சரிப்புத் தாங்காமல் பட்டியலின் தலையில் ஒரு கட்டளை சேர்த்திருந்தாள்: இல்லாததைத் தாண்டிப் போ.

(இங்கே 'சோம்பேறி' என்று எழுதி அடித்தேன். யார் யாரைச் சொல்வது?)

3

அன்று பத்து மணிக்கு அக்காவுக்கு அதே அலுவலகத்தில் வேலைக்கான தேர்வு. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் மட்டும் இருந்தால் தட்டச்சில் அவள் எவரையும் தூக்கிச் சாப்பிடுவாள். தங்கை அதைத்தான் பட்டியலில் முதலில் எழுதியிருந்தாள். ஆனால் லினக்ஸின் புதிய பதிப்பில் அதை இணையத்தில் வேறு மென்பொருள் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள்; பழைய இடத்தில் அது இல்லை. நாற்பது கணினிகளும் சமர்த்தாகத் தாண்டிப் போய், கடைசியில் 'எல்லாம் சரி' என்று பச்சை எழுத்தில் காட்டின.

அக்கா ஹெட்போனை மாட்டினாள். சத்தமே இல்லை. பதினொன்றுக்குள் சரியாகாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவேன் என்றார் அதிகாரி. தங்கை அந்தக் கட்டளையை அழித்து, புதுக் கிடங்கைக் காட்டி, ஒரே ஒரு கணினியில் மறுபடி ஏற்றவிட்டு, அது முடியும்வரை அக்காவோடு கேன்டீனுக்கு வந்திருந்தாள்.

"எல்லாம் பச்சையாத்தான் காட்டுச்சுக்கா."

"எனக்கு எந்தப் பச்சைடி தெரியும்? நின்னு தொலைச்சிருந்தா நல்லாருந்திருக்கும். நிக்கிறதுகிட்ட ஏன்னு கேக்கலாம். எல்லாம் சரின்னு சொல்றதுகிட்ட என்னத்தக் கேக்குறது?"

 பத்து ஐம்பதுக்கு இருவரும் எழுந்து போனார்கள்.

4

முடிவு ஒன்று: ஹெட்போன் பேசியது, வேலை கிடைத்தது. முடிவு இரண்டு: அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டும் புளுகு. பின்னாலேயே போய்ப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தெரியாத இடத்தை நைசாகத் தாண்டி, எல்லாம் பச்சை என்று எத்தனையோ கதைகளை முடித்திருக்கிறேன். அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு மனசு வரவில்லை. என் தலையில் இருந்த கட்டளையையும் அழித்துவிட்டேன்.

மணி பதினொன்று. அக்கா ஹெட்போனை மாட்டினாள். அதில்

(முடிவு கிடைக்கவில்லை. என்ன செய்ய?)