திரைக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஆபீஸில் அட்டையால் செய்த விமானத்துக்குள் நாங்கள் நான்கு பேர் பயணிகளாக உட்கார்ந்திருந்தோம். பெல்ட்கூடப் போட்டிருந்தோம். எங்கள் டீம் லீடருக்கு எல்லாம் நிஜம்போலவே இருக்க வேண்டும். ஸ்பீக்கரில் இன்ஜின் இரைச்சல் வேறு. பயன்படுத்துகிறவர் இடத்தில் நின்று பார்ப்பதுதான் டிசைன் திங்கிங்கின் முதல் படி என்று காலையிலிருந்து எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர் நின்று பார்க்க வேண்டியது ஒரு விமானப் பணிப்பெண்ணின் இடம். போன வருடம், விமானத்தின் பின்கோடியில் சாப்பாடு சூடாக்கும் அறைக்குள் புகுந்த ஒரு குடிகாரப் பயணி, அவளைச் சுவரோடு சேர்த்து அடித்ததில் அவள் தாடை உடைந்தது. பக்கத்து வரிசையில் இருந்தவர்களுக்குக்கூட ஒன்றும் தெரியவில்லை. அந்த அறையை மாற்றி வடிவமைக்க யோசனை கேட்டு இப்போது அவளையே வரவழைத்திருந்தோம்.

"வாசல்ல இருக்கிற திரைய எடுத்துடுங்க," என்றாள். தாடைக்குள் தகடு இருந்ததால் வாய் பாதிதான் திறந்தது. "அடுத்த மாசம் என் தங்கச்சி இதே வேலைக்கு வர்றா. வேற எதுவும் நான் கேக்கல."

"திரை இல்லேன்னா பயணிங்க கண்ல வெளிச்சம் அடிக்கும்மா. அதான் அலாரம் பட்டன் வெச்சிருக்கோமே!" அட்டை அறையின் உட்சுவரில் சிவப்புக் காகிதம் ஒட்டிய இடத்தை லீடர் பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி சார். இப்ப நீங்கதான் நானு. நான் அந்த ஆளு."

"பிரமாதம்! கூச்சப்படாம நிஜமாவே பண்ணும்மா," என்று சிரித்தபடி லீடர் உள்ளே போனார். அவள் திரையை இழுத்து மூடினாள்.

இன்ஜின் இரைச்சல்தான் கேட்டது. என் பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். திரை ஒருமுறை புடைத்தது. "லீடர் நடிப்புல பின்றாரு," என்று யாரோ கிண்டலடிக்க, நானும் சிரித்தேன். பிறகு உள்ளிருந்து ஐந்து விரல்கள் துணியில் பதிந்து, அதைக் கொத்தாகப் பிடித்தன. எழப் பார்த்தேன். பெல்ட் தடுத்தது. சனியன், நடிப்பாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவளே திரையை விலக்கினாள். லீடர் தரையில் கிடந்தார். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பி, சட்டை முழுக்க ரத்தம். அட்டைச் சுவர் உள்வாங்கிப் போயிருந்தது. சிவப்புக் காகிதம் மட்டும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"பட்டன அழுத்தலியா சார்?" என்று கேட்டாள்.

செக்யூரிட்டியைக் கூப்பிட ஒருவர் ஓடினார். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

லீடர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மறு கை திரையின் ஓரத்தை இன்னும் விடவில்லை. யாரையும் பார்க்காமல், படுத்தபடியே, அதைப் பலம்கொண்ட மட்டும் இழுக்க ஆரம்பித்தார். மேலே கம்பியிலிருந்து வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன.